கயிற்றுக் காய்ப்பு என்று நான்தான் சொன்னேன்

2024 மார்ச் 12, செவ்வாய்

மொச்சை, மகளே, இன்றைக்குத்தான் மறுபடியும் மலைக்குப் போனேன். நீ போய் முப்பத்தெட்டு நாள்.

விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி பேரைப் பதிந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "எட்டாம் நம்பர் மலைக்குப் போங்க" என்றார். உன் நிரையில் யாரையும் விடவில்லை. அதில் தேயிலைக் கொழுந்து முற்றிக் கிடந்தது. நான் என் நிரையை முடித்துவிட்டு அதையும் எடுத்தேன்.

பக்கத்து நிரை பெரியாயி அக்கா. அவளுக்குப் பேசாமல் இருக்க முடியாது.

"இருவத்திரெண்டு வயசுப் புள்ள சும்மா சாகுமா விஜி? எவளோ சூனியக் கை வச்சிருக்கா."

நான் செடியைப் பார்த்துக்கொண்டே கொழுந்தெடுத்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்தக் கொப்பி உன்னுடையது. முதல் நாலு பக்கத்தில் நீ சிங்கள எழுத்துப் பழகியிருக்கிறாய். மிச்சம் வெறுமையாக இருக்கிறது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

மார்ச் 13

மழை. மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாமல் உன் துணியைத் திரும்பத் துவைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பதுளைக்குப் போனேன். உன் சாவுப் பத்திரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். உன் அப்பாவால் அந்த வார்டு வாசலை மிதிக்க முடியாது, நான் மட்டும் போனேன். கடிதம் எழுதிக் கொடுத்தது டாக்டர் ஷிஹானா. உனக்குத் தெரியுமே, முக்காட்டு மேல் பேனையைச் செருகிக்கொண்டு தேடுகிற அந்தப் பிள்ளை.

நான் கேட்டேன். "எம்புள்ள ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லியா டாக்டர்? நான் ஒழுங்கா சாப்பாடு போடலியா?" லயத்து வீடுகளில் அப்படியும் பேசுகிறார்கள், அதனால் கேட்டேன்.

"இல்லம்மா. நெறய இருந்துச்சி. அதுதான் கொடும" என்றாள்.

உட்காரச் சொன்னாள். ஒரு தாளைத் திருப்பி நடுவில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் ரெண்டு கண் வைத்தாள். ஆந்தை முகம் மாதிரி இருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்திக்கொண்டே போனாள். தாள் நிறைந்துவிட்டது.

"மகள்ட கட்டியில ஒரு துண்டு வெட்டிப் பாத்தோமே, அதுல கேன்சர் இந்த வட்டம் மட்டுந்தான். நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. இந்தப் புள்ளியெல்லாம் அவங்கட ஒடம்புக் காவல்காரங்க."

"இத்தன பேர் இருந்தா அடிக்க வேண்டியதுதானே?"

"வெளியாள்னா அடிப்பாங்கம்மா. இது அவங்கட ஒடம்புலயே, அந்தக் காவல்காரங்களுக்குள்ளயே பொறந்து கெட்டுப்போனது. அவங்கட பாஷை இதுக்குத் தெரியும். கிட்ட வந்தா, 'நான் நம்மாளு, சும்மா இரு'ன்னு ஒரு அடையாளத்தக் காட்டும். அவன் கையக் கட்டிக்கிட்டு நிப்பான். சும்மா நிக்கிறதுமில்ல. கொஞ்சப் பேர் இதுக்கே வேலைக்காரனா மாறி, இது வளர்றதுக்கு வேண்டியதக் கொண்டாந்து குடுப்பாங்க. வேற ஒருத்தன் சண்டைக்கு வந்தா, அவனயும் அவங்களே அமத்திப் போடுவாங்க. அந்த எடத்துல இது பெருத்து, கழுத்துல இருந்து நெஞ்சுக்குப் போவும், மண்ணீரலுக்குப் போவும்."

அப்படியென்றால் நான் தொட்டுப் பார்த்த கட்டி நோய் இல்லையா? காவல்காரர்களையா தொட்டேன்?

"நேரத்தோட வந்திருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பேனையை மூடித் திறந்தாள். "இந்த வகைக்கு நல்ல மருந்து இருக்கும்மா. நேரத்தோட வந்தவங்க நெறயப் பேர் பொழச்சிருக்காங்க. மகள் வரும்போது நெஞ்சு முழுக்க இருந்துச்சி. மருந்து குடுத்த நேரம் கிருமி தொத்திருச்சி, ஒடம்பு தாங்கல." பிறகு, "கட்டி எப்ப வந்திச்சி? வார்டுல கேட்டப்ப மகள் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"கார்த்திகையில" என்றேன்.

நீ செத்த பிறகும் அந்தப் பொய்யைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 20, புதன்

ஆனி மாசம். கார்த்திகை இல்லை. போன வருஷம் ஆனி மாசம்.

நீ தலை துவட்டிக்கொண்டிருந்தாய். காதுக்குக் கீழே, இடது கழுத்தில், சுண்டைக்காய் அளவு. "அம்மா, இதப் பாரு." பார்த்தேன். சிரித்தேன். "கயித்துக் காய்ப்புடி. இப்பதான் நீ மலைக்காரி." தலையில் கயிறு போட்டுப் பை சுமக்கிற எல்லாருக்கும் உச்சியிலோ பிடரியிலோ காய்த்துப்போகும். எனக்கு இருக்கிறது. பெரியாயி அக்காவுக்கு இருக்கிறது. நீ மலைக்கு வந்து மூணு வருஷம் ஆகியும் காய்க்கவில்லையே, பிள்ளை இன்னும் பழகவில்லையே என்று எனக்கு ஒரு குறை இருந்தது.

மறுநாள் கொழுந்து நிறுவையில் உன்னை இழுத்துப்போய்க் காட்டினேன். பெருமையாக. பெரியாயி அக்கா, "ஆத்தா மாதிரியே மவ, கணக்கப்புள்ளைக்குப் பொண்டாட்டி ஆக மாட்டா, கொழுந்துக்குத்தான் பொண்டாட்டி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான்.

வலி இல்லை என்றாய். வலி இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்திக்கு அந்தி எண்ணெய் சூடாக்கி அதைத் தேய்த்தேன். நாப்பது நாள், அம்பது நாள் தேய்த்திருப்பேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாய். புல்லுக்கு மருந்தடித்த மலை, அப்படித்தான் என்றேன். விடிந்தால் உன் சட்டை பிழிகிற மாதிரி வேர்த்திருக்கும். குளிர்கிற ஊரில் எவளுக்கு வேர்க்கும்? கேட்டேனா? கேட்கலை.

ஆடியில் அங்கம்மா சொன்னாள்.

அங்கம்மாவைப் பற்றி எழுதத்தான் வேண்டும். லயத்துக் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிற கிழவி. முப்பது வருஷம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். நாங்கள் மலையில் இருக்க, எங்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, சோறூட்டி, கழுவிவிட்டவள். நீ முதன்முதலாக அம்மா என்று சொன்னது அவளைப் பார்த்து. நான் கொழுந்துப் பையோடு வாசலில் நின்று கேட்டேன். அதை நான் ஒருநாளும் மறக்கலை மொச்சை. உன்கிட்ட சொன்னதில்லை.

பீலியில் தண்ணீருக்கு நின்றோம். அவள் உன்னைக் கிட்டே கூப்பிட்டு, கழுத்தில் கை வைத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"விஜி, இது காய்ப்பு இல்ல. காய்ப்புன்னா தோலோட ஒட்டிக் கெடக்கும். இது உள்ளுக்க ரப்பர் மாதிரி உருளுது. புள்ளைங்க கழுத்த தடவிப் பாக்கச் சொல்லி எங்களுக்கு நர்ஸம்மா படிச்சிக் குடுத்திருக்கா. நாளைக்கே டவுனுக்குக் கூட்டிட்டுப் போ."

வேறு எவள் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

"பெத்தவ நானா நீயா?" என்றேன். அதோடு விட்டேனா. மாதர் சங்கத்துக்கு நான்தானே தலைவி. புருஷன் இல்லாதவ, பிள்ளை கிட்ட இல்லாதவ, அடுத்தவ பிள்ளைக்கு நோய் கேட்கிறாள் என்று லயம் முழுக்கச் சொன்னேன். அவளோடு யாரும் பேச வேண்டாம் என்றேன். பேசலை. என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

நீ மட்டும் பேசினாய். அதுக்கும் திட்டினேன்.

மார்ச் 24, ஞாயிறு

அப்பா என்னை வெலிமடைப் பக்கம் ஒரு குறி சொல்கிறவரிடம் கூட்டிப் போனார். அவர் வெற்றிலையைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வாசல் கை. கழுத்துல தொட்டிருக்கு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "யாரு தொட்டா?"

தினமும் தொட்டது நான்.

"அங்கம்மா ஒருக்கா தொட்டுப் பாத்தா" என்றேன். அது பொய் இல்லை. அவள் தொட்டாள். நான் பொய்யே சொல்லவில்லை.

பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா, "அவள விட மாட்டேன்" என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பீலியில் அங்கம்மாவின் குடத்தைப் பக்கத்து வீட்டு ரமேஸ் காலால் உருட்டிவிட்டான். அவனுக்கும் அவள்தான் சோறூட்டினாள்.

"ஏ கெழவி, கைய முந்தானைக்குள்ள வச்சிக்க. தண்ணியத் தொட்டுராத."

"அப்ப எப்புடிடா மோந்துக்கிறது, காலாலயா?" என்றாள். ரெண்டு பேர் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைச் சுற்றி எந்நேரமும் ஆள். எனக்கு முன்னால் அழுகிறார்கள், எனக்காகத் திட்டுகிறார்கள். டாக்டர் போட்ட படம் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது.

ஏப்ரல் 3

பெரியாயி அக்கா மரவள்ளி அவித்துக் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. நமக்கு இல்லை.

பத்து மணிக்கு அங்கம்மா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

"விஜி, ஒனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கட்டும். நீ ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"என்ன வார்த்த?"

"டவுனுக்குக் கூட்டிட்டுப் போன்னு நான் சொன்னேன்ல. அத மட்டும் சொல்லு. நீ ஏன் போகலன்னு நான் கேக்க மாட்டேன். எவனும் கேக்காம பாத்துக்கிறேன்."

அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. உனக்காக அவளும் அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. அழுவதற்கு இவள் யார்?

"வருசம் பொறந்த அன்னைக்கு செத்த வீட்டு வாசல்ல வந்து சண்டயா?" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்தினேன். கேட்டது. ரமேஸும் அவன் தம்பியும் வந்து அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு உன் படத்துக்கு விளக்கேற்றினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் கூட்டம். வேலை செய்கிற ஆள், பென்சன் ஆள் எல்லாரும் வந்திருந்தார்கள். தோட்டத் தலைவர் வீரசிங்கம் அண்ணன் எல்லாரையும் பேசவிட்டார். யாருக்கோ கரு கலைந்ததும், யாருடைய மாடோ பள்ளத்தில் விழுந்ததும் அங்கம்மா கணக்கில் வந்தது.

"ஒங்களுக்கு வெக்கமா இல்லியாடா" என்றாள் அவள். "இந்தக் கையாலதான் நீங்க அத்தன பேரும் சோறு தின்னீங்க. அப்ப எவனும் சாகலியே. சாவடிக்கிறதுனா அப்பவே செஞ்சிருக்க மாட்டேனா, லேசா இருந்திருக்கும்."

அது அவள் செய்த பிழை. அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாத்தீங்களா, அவ வாயாலயே சொல்றா.

வீரசிங்கம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, செத்தது ஒங்க புள்ள. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கம்மாவும் பார்த்தாள். நான் சொல்லலாம் மொச்சை. நாலே வார்த்தை. சொன்னால் அப்பா என்னைப் பார்ப்பார். அந்திக்கு அந்தி எண்ணெய் தேய்த்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்தானே அவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றேன்.

ஒரு கிழமைக்குள், ஏழு நாளில், அவள் லயத்தை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு.

ஏப்ரல் 27, சனி

மொனராகலையில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிற அவள் மகன் ஆட்டோ கொண்டுவந்தான். ஒரு பாய், ரெண்டு சட்டி, ஒரு மூட்டை. லயத்து ஆட்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் மூட்டைக்குக் கை கொடுக்கவில்லை. நின்றார்கள்.

நானும் நின்றேன்.

அவள் நம் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. உள்ளே உன் படம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். நான் நகர்ந்து மறைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28

பீலியில் இன்றைக்குச் சண்டை இல்லை. தண்ணீர் சீக்கிரம் கிடைத்தது.

மே 6, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஏன் இன்றைக்கு என்று தெரியாது. பெரட்டில் நின்றுகொண்டிருந்தோம். அங்கம்மா போன பிறகுதான் லயம் விடிந்தது என்று யாரோ சொன்னார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

"அவ ஒண்ணும் செய்யல. கட்டி வந்தது ஆனியில. காய்ப்புன்னு சொன்னது நான். டவுனுக்குக் கூட்டிட்டுப் போன்னு அவ சொன்னா, நான் போகல. எம்புள்ளய நாந்தான் கொன்னேன்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். கங்காணி பேனையை நிறுத்தினார்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். பெரியாயி அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "பெத்த வயிறு, என்னென்னமோ பேசுது" என்றாள். வீரசிங்கம் அண்ணன் தலையில் கை வைத்து, "நீ தங்கமான மனசும்மா. அந்தப் பாவிக்குக்கூடப் பரிஞ்சு பேசுற" என்றார். பின்னால் ஒருத்தி மெதுவாக, "கெழவி போயும் விடல பாரு, இவ நாக்குல குந்திக்கிட்டுப் பேசுறா" என்றாள்.

அப்பாவும் பெரட்டில் இருந்தார். மத்தியானம் ஒரு மந்திரித்த கயிறு கொண்டுவந்து என் கையில் கட்டினார். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். தெரிய வேண்டாம் என்று கட்டினார்.

உண்மையைச் சொன்னேன், அதையும் அவள்மேலேயே போட்டுவிட்டார்கள். இந்த லயத்தை எழுப்பிவிட என்னால் முடியவில்லை. தூங்க வைக்கத்தான் தெரிந்தது.

மே 7

அங்கம்மாவின் மகனுக்குப் போன் எடுத்தேன். அவளிடம் கொடுத்தான். பெரட்டில் சொன்னதைச் சொன்னேன்.

"கோயில்ல கேட்டாங்களே, அப்ப எங்க போச்சு வாய்?" என்றாள்.

"மன்னிச்சிரு அக்கா."

"மாட்டேன்" என்றாள். "எம்புள்ளயும்தான்டி அவ." வைத்துவிட்டாள்.

மே 19

ஒன்றும் எழுத இல்லை.

ஜூன் 3, திங்கள்

பெரியாயி அக்காவின் கடைசி மகள் பிரஷாந்தினி. பத்தொன்பது வயது. தைக்குப் பிறகு மலைக்கு வருகிறாள். இன்றைக்கு நிறுவையில் பெரியாயி அக்கா கூப்பிட்டாள்.

"விஜி, வந்து பாரு. எம்மவளுக்கும் காச்சிருச்சி."

சிரிப்பு. அந்தப் பிள்ளை பின்னலைத் தூக்கிக் காட்டினாள். கழுத்தெலும்புக்கு மேலே. நான் பையை இறக்கிவிட்டுக் கை வைத்தேன். தோலைத் தள்ளினால் தோல் தனியாக நகர்ந்தது. உள்ளே இருந்தது தனியாக உருண்டது. ஒன்று இல்லை, ரெண்டு.

"அக்கா, நாளைக்கே பதுளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"என்னாத்துக்கு? அங்கம்மாதான் போயிட்டாளே, இனி என்ன பயம்?"

"அக்கா, எம்புள்ளைக்கும் இப்படித்தான் உருண்டுச்சி. இதே மாதிரி. நான் தொட்டிருக்கேன், எனக்குத் தெரியும். நல்ல மருந்து இருக்காம். இப்ப போனா பொழச்சிரும்."

சிரிப்பு நின்றது. தராசுக்காரர் அடுத்த பையைத் தூக்கி மாட்டினார். பெரியாயி அக்கா மகளின் சட்டைக் கழுத்தை இழுத்து மூடினாள். இருபத்தாறு வருஷம் என் பக்கத்து நிரையில் நிற்கிறவள்.

"விஜி, கைய எடு" என்றாள்.

எடுக்கவில்லை. அவளே எடுத்துவிட்டாள்.

பிரஷாந்தினி முதலில் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்ல சித்தி. எனக்கு வலிக்கவே இல்ல."

ஜூன் 4, செவ்வாய்

பீலியில் எனக்கு வழி விட்டார்கள். என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. மலையில் பெரியாயி அக்கா கங்காணியிடம் கேட்டு வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். மகளையும் என் கண்ணுக்குப் படாத பக்கம் நிறுத்தியிருக்கிறாள்.

வேலை விட்டதும் அவள் வாசலில் போய் நின்று, பதுளைக்குப் போங்கள் என்று மறுபடி சொன்னேன். கதவைச் சாத்தினாள். ரமேஸ் எங்கிருந்தோ, "சித்தி, வீட்டுக்குப் போங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நாளைக்கும் போய்ச் சொல்வேன். நாளன்றைக்கும். மரியாதை எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

அந்தப் பிள்ளை சிரித்தது கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. அவ எனக்குப் பதில் சொல்லலை, அவ அம்மா முகத்துல என்ன எழுதியிருந்துச்சோ அதைப் படிச்சிச் சொன்னா.

மொச்சை, உனக்குத் தெரிஞ்சிருந்திச்சா? அங்கம்மா உருட்டிப் பார்த்தப்பவே தெரிஞ்சிருந்திச்சா? எனக்கு நோகக் கூடாதுன்னுதான் நீயும் வலிக்கலைன்னு சொன்னியா?